சூட்டை அளந்த வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருக என்று மலர்க் குழுவினர் பணித்தனர். மன்னர் வரலாறும் கோயில் வரலாறும் எழுதவல்ல அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். ஆதலின் நாம் அவ்வழிச் செல்லாது, நம் வீடுதோறும் மருந்துப் பெட்டிக்குள் உறங்கிக் கிடக்கும் சின்னஞ்சிறு கருவி ஒன்றின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரே அது. அதன் மேல் எழுதியிருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன, யார் வகுத்தவை, ஏன் இரு வகையாக இருக்கின்றன என்பதே நாம் சொல்லப் புகுந்த செய்தி.

இதை எழுதத் தூண்டியது சென்ற கோடையில் நம் குடியிருப்பில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியாகும். ஒரு வீட்டில் நான்கு வயதுக் குழந்தைக்கு மாலையிலிருந்தே உடல் கொதித்தது. பழைய பாதரசக் குழல் உடைந்துபோனமையால், கடையில் புதிதாக வாங்கிய, எண் காட்டும் கருவியை அக்குளில் வைத்துப் பார்த்தனர். அது 39.2 என்று காட்டிற்று. குழந்தையின் அம்மாயி அதை வாங்கிப் பார்த்து, "நூறையே தொடலையே கண்ணு, கஷாயம் வெச்சுக் குடுத்துட்டுக் காலையில பாத்துக்கலாம்" என்றார். அறுபது ஆண்டுகளாக அவர் அறிந்த காய்ச்சல் நூறுக்கு மேற்பட்டதேயன்றி முப்பதுகளில் உலவியதன்று. அவர் மேல் குற்றமென்ன? இரவு பத்து மணிக்குக் குழந்தைக்கு வலிப்புக் கண்டது. அண்டை வீட்டார் வண்டி எடுத்து ஓடினர். பிள்ளை பிழைத்தது. அங்கே மருத்துவர் சொன்ன பிறகே, 39.2 என்பது பழைய கணக்கில் ஏறக்குறைய நூற்றிரண்டரை என்பது வீட்டாருக்குத் தெரியவந்தது.

அதே கிழமையில் வானொலிச் செய்தியில் பாலக்காட்டு வெயில் 40 பாகை என்று சொல்லக் கேட்டோம். கேட்டுவிட்டு வயலுக்கும் கடைக்கும் போனோம். காய்ச்சலின் மொழியில் அந்த 40 என்பது 104 என்று நம்மில் எத்தனை பேர் உணர்ந்தோம்?

அளவு மாறும் தொல்லை எல்லையில் வாழும் நமக்குப் புதியதன்று. கிழக்கே பொள்ளாச்சிச் சந்தையில் வள்ளமும் படியும் வழங்கின. மேற்கே சித்தூரில் நாழியும் இடங்கழியும் பறையும் வழங்கின. நெல் மூட்டை கோபாலபுரத்தைக் கடக்கும்போதே அதன் கணக்கும் மாறிற்று. சித்தூர் அன்று கொச்சி அரசைச் சேர்ந்தது. பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. அவ்வாண்டிலேயே நாடு முழுவதற்கும் ஒரே எடை, ஒரே அளவு என்னும் சட்டமும் பிறந்தது. ஒரு கை கோட்டைக் கிழித்தது. மறு கை கோட்டின் இருபுறமும் ஒரே படிக்கல்லை வைத்தது. நெல்லுக்கும் துணிக்கும் அன்று முடிந்துபோன இரட்டைக் கணக்கு, சூட்டுக்கு மட்டும் நம் வீடுகளில் இன்றளவும் முடியவில்லை.

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். சூடு பற்றி நாம் கேட்கும் கேள்வி ஒன்றன்று, இரண்டு. எவ்வளவு கடுமையான சூடு என்பது ஒரு கேள்வி. எத்துணைச் சூடு செலவாயிற்று என்பது மற்றொன்று. ஒரு கரண்டிக் கொதிநீர் கையைப் பொசுக்கும். ஆயினும் அதைக் கொண்டு ஒரு குழந்தையைக் குளிப்பாட்ட இயலாது. ஓர் அண்டா நிறைய இளவெந்நீர் கையைச் சுடாது. ஆனால் அதைக் காய்ச்ச எரித்த விறகு அதிகம். கரண்டியில் மிக்கிருப்பது வெப்பநிலை. அண்டாவில் மிக்கிருப்பது வெப்பம். இவ்விரண்டையும் பிரித்தறிய ஐரோப்பிய அறிஞர்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது என்றால் வியப்பாக இல்லையா?

நம் முன்னோர் கருவி இன்றியே இவ்விரண்டையும் தனித்தனியே கையாண்டனர் என்பதற்குச் சித்த மருத்துவம் சான்று. தைலமும் குழம்பும் காய்ச்சும்போது தீயின் தன்மையைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என மூவகையாக வகுத்தனர். விளக்குச் சுடர்போல் மென்மையாக எரிவது முதலாவது. தாமரை மொட்டுப்போல் விரிந்து எரிவது அடுத்தது. காட்டுத் தீ எனக் கொழுந்துவிடுவது மூன்றாவது. இவை தீயின் கடுமையைச் சொல்வன. பற்பமும் செந்தூரமும் செய்யும்போதோ வேறு கணக்கு. மருந்தை அகலிலிட்டு, மூடிச் சீலைமண் செய்து, விராட்டிகளுக்கு இடையே புதைத்து எரிப்பர். ஒரு விராட்டி எரிந்தால் காடைப் புடம். மூன்று எரிந்தால் கவுதாரிப் புடம். பத்துக்குக் குக்குடப் புடம். ஐம்பதுக்கு வராகப் புடம். கசபுடத்திற்கு ஐந்நூறு என்பாரும் ஆயிரம் என்பாரும் உளர். நூலுக்கு நூல் வேறுபடும். காடை, கவுதாரி, கோழி, பன்றி, யானை என்று உருவம் பெருகப் பெருக வெப்பமும் பெருகும் இவ்வரிசை, எரிபொருளை எண்ணி வெப்பத்தின் அளவைச் சொல்லும் முறையன்றி வேறென்ன?

அடுக்களையிலோ அளவுகோல் 'பதம்' என்னும் சொல்லாகவே இருந்தது. வெல்லப் பாகு கம்பிப் பதத்திற்கு வந்ததா, உருட்டுப் பதத்திற்கு வந்ததா என்பதை ஒரு கிண்ணத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்த்து அறிந்தனர். பாகின் வெப்பநிலை ஏற ஏற அதிலுள்ள நீர் குறைந்து இறுகும். ஆகவே சொட்டின் இறுக்கமே வெப்பமானி. நம் தாய்மார்கள் இன்றும் அதிரசத்திற்கு இதையே நம்புகின்றனர். நாமும் அதிரசத்தின் பொருட்டு அதை மாற்றச் சொல்லமாட்டோம். ஆனால் இம்முறைகளுக்கு ஒரு குறை உண்டு. விராட்டி தட்டும் கைக்குக் கை அளவு மாறும். ஈர விராட்டி வேறு, காய்ந்த விராட்டி வேறு. ஆசான் அருகிலிருக்கும்வரை பிழையில்லை. ஆசானைக் காணாத ஒருவன் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதே மருந்தைச் செய்வது கடினம்.

ஐரோப்பாவிலும் கருவி வருமுன் இதே நிலைதான். வந்த பின்னரும் நெடுங்காலம் குழப்பமே. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கலிலியோ, காற்று சூட்டால் விரிவதைக் காட்டும் கண்ணாடிக் குழல் ஒன்றைச் செய்தார். அதில் அளவுக் கோடுகள் இல்லை. பாதுவா நகரத்து மருத்துவர் சாந்தோரியோ கோடுகளை இட்டு நோயாளிகளின் சூட்டைப் பார்க்க முயன்றார். 1650-களில் பிளாரன்சு நகரத்தார் சாராயத்தைக் குழலில் அடைத்து வாயை உருக்கி மூடினர். அதன்பின் கருவி செய்வோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி கோடு கிழித்தனர். ஒரு நகரத்து 20 பாகை மற்றொரு நகரத்தில் 50 ஆக இருந்தது. நாழியும் வள்ளமும் தோற்றன என்க!

இக்குழப்பத்தில் ஓர் ஒழுங்கைக் கொணர்ந்தவர் பாரன்ஹீட். 1686-இல் டான்சிக் நகரில் பிறந்து, ஆலந்து நாட்டில் கருவி செய்து விற்று வாழ்ந்தவர். சாராயத்தை விட்டுப் பாதரசத்தைக் கையாண்டார். அவர் கருவிகளின் பெருமை யாதெனின், இரண்டைப் பக்கத்தில் பக்கம் வைத்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. அந்நாளில் அது அருமை. 1724-இல் இலண்டன் ராயல் கழகத்தின் வெளியீட்டில் தம் முறையை விளக்கினார். பனிக்கட்டி, நீர், நவச்சாரம் மூன்றும் கலந்த கலவையின் குளிர் 0. பனிக்கட்டியும் நீரும் மட்டும் கலந்தால் 32. நலமுள்ள மனிதனின் உடற்சூடு 96. பிற்காலத்தில் நீரின் உறைநிலை 32 என்றும் கொதிநிலை 212 என்றும் நிலைநிறுத்திக் கோடுகளைத் திருத்தியபோது, உடற்சூடு 96-லிருந்து 98-க்குச் சற்று மேலே நகர்ந்தது. நம் அம்மாயிகளின் 98.4 இவ்வாறு வந்ததே.

1742-இல் சுவீடன் நாட்டு உப்சாலா நகரத்து வானநூலார் ஆண்டர்ஸ் செல்சியசு, உறைநிலைக்கும் கொதிநிலைக்கும் இடையே நூறு படிகள் வைத்தார். வேடிக்கை என்னவெனில், அவர் கொதிநீரை 0 என்றும் உறையும் நீரை 100 என்றும் வைத்தார்! சூடு ஏற ஏற எண் குறையும் கருவி அது. அவர் 1744-இல் மறைந்த பின்னரே அவ்வளவுகோல் தலைகீழாகத் திருப்பப்பட்டு இன்றைய நிலைக்கு வந்தது. நூறு படி என்னும் பொருளுடைய செண்டிகிரேடு என்னும் பெயரே நெடுநாள் வழங்கிற்று. 1948-இல் கூடிய உலக அளவை மாநாடு அதைச் செல்சியசு என்று மாற்றியது. பிரெஞ்சு நாட்டில் ரேமூர் என்பார் 1730-இல் வகுத்த எண்பது படி முறையும் ஒரு காலத்தில் பரவியிருந்தது; இன்று அதனை அறிவார் இலர்.

நிற்க. இக்கருவி நம் நாட்டில் செய்த வேலைதான் நமக்கு நெருங்கிய செய்தி. சென்னை வானாய்வு நிலையம் 1792-இல் எழுந்தது. 1796 முதல் அங்கே வெப்பநிலை முதலிய வானிலைக் குறிப்புகள் எடுக்கப்பட்டு வந்தன. 1802-இல் லாம்டன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி பரங்கிமலைக்கு அருகே நாட்டளவையைத் தொடங்கினார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்க்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அச்சங்கிலி சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்டு, அவர் ஏற்காமையால் இந்தியா வந்து சேர்ந்தது. சங்கிலியை மரப்பெட்டிகளில் தாங்கி, அருகே தெர்மாமீட்டர்களை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்தனர். ஏன் இத்தனை பாடு?

எஃகு சூட்டால் நீளும். நூறடிச் சங்கிலி ஒரு பாரன்ஹீட் பாகைக்கு நீளும் அளவு, ஓர் அங்குலத்தை நூறாகப் பகுத்தால் அதில் முக்கால் பங்கே. இது ஒரு பொருட்டா என்று தோன்றும். ஏழரை மைலுக்குச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை இடவேண்டும். ஆக ஒரு பாகைக்கு மூன்று அங்குலம் தவறும். காலைக்கும் நண்பகலுக்கும் இருபது பாகை வேறுபட்டால் ஐந்து அடி! அக்கோட்டை அடியாக வைத்தே தென்னாடு முழுவதற்கும் முக்கோணங்கள் வரையப்பட்டன. ஆதலின் அளந்த நீளம் அனைத்தையும் 62 பாகைக்குரிய நீளமாகத் திருத்தி எழுதினர். 62 என்பது இங்கிலாந்தின் அளவுகோல்களுக்கு வைத்த வெப்பநிலை; அந்நாட்டு அறையின் இதமான குளிர். 1806-இல் லாம்டன் நம் கோயம்புத்தூர்ப் பகுதியிலும் இத்தகைய அடிக்கோடு ஒன்றை அளந்தார். கொங்குச் சமவெளி மார்கழி விடியலிலன்றிப் பெரிதும் காணாத ஒரு குளிரில் கொங்கு மண்ணின் நீளம் எழுதப்பட்டது என்பதை நினைத்தால் நகைப்பும் வருகிறது. ஆயினும் ஓர் எண்ணைப் பொதுவாக வைத்துக்கொள்ளாவிடில் அளவே இல்லை என்பதும் உண்மை.

அடுத்தது திருவிதாங்கூர். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837-இல், திருவனந்தபுரத்தில் வானாய்வு நிலையம் எழுந்தது. அதன் தலைவராக அமர்ந்தவர் கால்டிகாட். ஆலப்புழையில் வாணிக முகவராக இருந்து வானநூலுக்கு வந்தவர். அவர் நிலத்தில் மூன்றடி, ஆறடி, பன்னிரண்டடி ஆழங்களில் தெர்மாமீட்டர்களைப் புதைத்து 1842 முதல் 1845 முடியக் குறித்து வந்தார். காற்றின் சூடு நாளும் மாறும்; மண்ணுக்குள் சூடு எவ்வாறு இறங்குகிறது, எத்தனை திங்கள் கழித்து அடிக்குப் போய்ச் சேர்கிறது என்பதே அவர் ஆராய்ந்தது. ஆழத்தை அளந்தது பிரெஞ்சு அடியில். சூட்டை அளந்தது பாரன்ஹீட்டில். அளந்த இடம் கோலும் முழமும் வழங்கிய மலைநாடு. அக்குறிப்புகள் எடின்பரோ ராயல் கழகத்தின் வெளியீட்டில் அச்சேறின. அவருக்குப் பின் வந்த பிரௌன் 1855-இல் அகத்தியமலை உச்சிக்கு அருகே, ஆறாயிரம் அடி உயரத்தில், இன்னொரு நிலையம் நாட்டினார். சமவெளியிலும் மலையிலும் ஒரே வேளையில் குறிப்பெடுத்து ஒப்பிடுவது அவர் நோக்கம். தமிழ் வளர்த்த முனிவன் பெயர் தாங்கிய மலையில், யானைக்கும் புலிக்கும் நடுவே, ஏவலரும் உதவியாளரும் நாள்தோறும் குழலைப் பார்த்து எண் எழுதினர். அவர்கள் நடுங்கிய குளிருக்கு எந்த மலரிலும் இடம் கிடைத்திருக்காது, இம்மலரிலேனும் இருக்கட்டும்.

இதுவரை கூறியது வெப்பநிலையின் வரலாறு. வெப்பத்தின் வரலாறு வேறு வழியில் நடந்தது. 1760-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் ஜோசப் பிளாக், உருகும் பனிக்கட்டியில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. பனிக்கட்டி முழுதும் உருகும்வரை பாதரசம் அசையவில்லை. வெப்பம் உள்ளே போகிறது, வெப்பநிலை ஏறவில்லை! அவ்வாறு ஒளிந்துகொள்ளும் வெப்பத்தை மறை வெப்பம் என்றனர். பாகை வேறு, வெப்பம் வேறு என்பது ஐயமற நிலைபெற்றது அப்போதுதான்.

பின்னர் இதற்கு அலகுகள் வந்தன. ஒரு கிராம் நீரை ஒரு செல்சியசு பாகை சூடாக்கும் வெப்பம் ஒரு கலோரி. ஆங்கிலேயர் தம் வழியில், ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடாக்குவதை பி.டி.யூ. என்றனர், அது 252 கலோரிக்குச் சமம். வெப்பம் ஒரு நுண்ணிய பாய்பொருள் என்றே அந்நாளில் பலரும் நம்பினர். 1798-இல் ரம்போர்டு என்பார் மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய் குடையும்போது உலோகம் ஓயாமல் சூடேறுவதைக் கண்டு, உராய்வால் முடிவின்றிப் பிறப்பது பொருளாக இருக்கமுடியாது என்று வாதித்தார். அதை எண்ணால் நிறுவியவர் மான்செஸ்டர் பகுதியில் மதுவடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜூல். எடைக்கல் இறங்க, அதனால் துடுப்பு சுழல, சுழற்சியால் நீர் சூடாகும்படி செய்து, ஒரு பவுண்டு நீர் ஒரு பாகை ஏற 772 அடி உயரத்திலிருந்து ஒரு பவுண்டு விழும் உழைப்பு வேண்டும் என்று 1850-இல் வெளியிட்டார். இன்றைய திருத்தமான எண் 778.

இக்கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். அதிரப்பள்ளி அருவி ஏறத்தாழ 80 அடி. மேலிருந்து விழும் நீர் தன் உழைப்பு முழுவதையும் சூடாக மாற்றிக்கொண்டாலும், கீழே அது ஒரு பாரன்ஹீட் பாகையில் பத்தில் ஒரு பங்கே கூடுதலாகச் சூடேறும். சுற்றுலா செல்வோர் கையை விட்டுப் பார்த்து அறியக்கூடியதன்று! இத்துணைச் சிறு வேறுபாட்டையும் விடாமல் தேடிய ஜூலின் பெயரையே 1948-இல் உலகம் வெப்பத்திற்கும் அலகாக ஏற்றது. ஒரு கலோரி ஏறக்குறைய 4.2 ஜூல்.

வெப்ப அலகு ஒன்று பெயர் மாறி இன்று நம் கடைத்தெருவில் உலவுகிறது. குளிர்சாதனம் வாங்கப் போனால் "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?" என்று கேட்கிறார்களல்லவா? அந்தப் பெட்டி ஒரு டன் எடை இல்லையே என்று நாமே முதலில் விழித்தோம். அது பனிக்கட்டியின் டன். அமெரிக்க டன் என்பது 2,000 பவுண்டு. ஒரு பவுண்டு பனிக்கட்டி உருக 144 பி.டி.யூ. வெப்பம் வேண்டும். அப்படியானால் ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகி இழுத்துக்கொள்ளும் வெப்பம் 2,88,000, மணிக்கு 12,000. இதுவே ஒரு 'டன்' குளிர்ச்சி. பிளாக் கண்ட மறை வெப்பம் விலைச்சீட்டில் வந்து நிற்கிறது.

பனிக்கட்டியைக் கொண்டு குளிர்ச்சியை அளந்தது வெறும் கற்பனையன்று. பாஸ்டன் நகரத்து டியூடர் என்னும் வணிகர் அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்துக் கப்பலேற்றி இந்தியாவில் விற்றார். சென்னைக் கடற்கரையில் அதற்கென்று கட்டிய பண்டசாலையே ஐஸ் ஹவுஸ். பின்னர் இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் தொழில் வந்து அவ்வாணிகம் மடிந்தது. 1897-இல் விவேகானந்தர் தங்கியமையால் இன்று அக்கட்டடம் விவேகானந்தர் இல்லம் என்னும் பெயருடன் விளங்குகிறது.

பாகைகளின் தொடக்கம் எது? பனிக்கட்டிக்குக் கீழும் குளிர் உண்டு, அதற்கும் கீழே? குளிருக்கு ஓர் அடித்தளம் உண்டு, அதிலிருந்தே எண்ணவேண்டும் என்று 1848-இல் வில்லியம் தாம்சன் கூறினார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்டவர் இவரே. அந்த அடித்தளம் செல்சியசு கணக்கில் சுழிக்குக் கீழே 273.15. நம் பாலக்காட்டு 40 பாகை அக்கணக்கில் 313-க்குச் சற்று மேல். 1976-ஆம் ஆண்டு இந்திய அளவைச் சட்டம் கெல்வினையே அடிப்படை அலகாக வைத்தது. 2019 மே 20 முதல் உலக அளவையில் கெல்வினின் இலக்கணமும் மாறிற்று. நீரின் இயல்பைக் கொண்டு வகுப்பதை விட்டு, போல்ட்ஸ்மான் மாறிலி என்னும் மாறாத இயற்கை எண்ணைக் கொண்டு வகுத்தனர். நம் அன்றாட வாழ்வில் இதனால் எள்ளளவும் மாற்றமில்லை.

மாற்றம் நேர்ந்தது 1950-களின் இறுதியில். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் கிலோ வந்தது. வானிலை அறிக்கையும் பாரன்ஹீட்டை விட்டுச் செண்டிகிரேடுக்கு மாறிற்று. பள்ளிப் புத்தகம் மாறிற்று. மருந்துப் பெட்டி மட்டும் மாறவில்லை. நலமுள்ள உடலின் சூடு 37 என்று ஜெர்மனியில் உண்டர்லிக் என்னும் மருத்துவர் 1868-இல் எழுதினார். ஆனால் நமக்குக் கருவி வந்தது இங்கிலாந்து வழியாக. 98.4 என்னும் இடத்தில் அம்புக்குறியிட்ட அந்தக் குழலோடு மூன்று தலைமுறை பழகிவிட்டது. மூணாற்றுத் தோட்டங்களில் வேலை செய்யும் நம் உறவினரைக் கேளுங்கள். தேயிலை உலர்த்தும் அறையில் உட்செல்லும் காற்று இருநூறு பாகை அளவில் இருக்கவேண்டும் என்பர். அதுவும் பாரன்ஹீட்டே. அதே உறவினர் 2019 ஜனவரியில் தேயிலைக் கொழுந்து உறைபனியில் கருகியபோது 'சுழிக்குக் கீழே போய்விட்டது' என்றனர். அது செல்சியசு. ஒரே வாய் இரு கணக்குகளையும் பேசுகிறது. பழகிய இடத்தில் குழப்பமில்லை. பழகாத கருவி கைக்கு வரும்போதே ஆபத்து.

இனி வெயிலுக்கு வருவோம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள கணவாயில் நாம் குடியிருக்கிறோம். கோடையில் கிழக்குச் சமவெளியின் வறண்ட காற்று இவ்வாயில் வழியே நுழைகிறது. 2016 ஏப்ரலில் பாலக்காட்டுப் பகுதி 41 பாகையைக் கடந்தது. 2024 ஏப்ரலின் இறுதியில் பாலக்காட்டில் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவித்தது. நம் உடல் 37-இல் நிற்கவேண்டும். வெளிக்காற்று அதைக் கடந்துவிட்டால் காற்று நம்மைக் குளிர்விக்காது, சூடேற்றும். அப்போது நம்மைக் காப்பது வியர்வை ஒன்றே. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டுபோகிறது; மீண்டும் பிளாக்கின் மறை வெப்பம்! நம் கணவாய்க் காற்று வறண்டதாதலின் வியர்வை தெரியாமலே உலர்ந்துவிடும். சட்டை நனையவில்லையே என்று களத்தில் நிற்பவர் நீர் குடிக்க மறக்கிறார். உடலில் நீர் வற்றியபின் வியர்வை நிற்கிறது. உடற்சூடு 40-ஐ, அதாவது 104-ஐ, நோக்கி ஏறுகிறது. கோடைதோறும் நண்பகல் 12 முதல் 3 வரை வெட்டவெளியில் வேலை கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆணையிடுவது இதன் பொருட்டே. செங்கல் சூளையிலும் தென்னந்தோப்பிலும் வேலைக்குப் போகும் நம்மவர் அந்த மூன்று மணி நேரத்தைக் கேட்டுப் பெறத் தயங்குவதை நாம் கண்டிருக்கிறோம். தயங்கவேண்டா, அது சலுகையன்று, ஆணை.

செல்சியசைப் பாரன்ஹீட்டாக மாற்ற எளிய வழி ஒன்றுண்டு. எண்ணை இரட்டிக்க, வந்ததில் பத்தில் ஒன்றைக் கழிக்க, பின் 32 கூட்டுக. 39-ஐ இரட்டித்தால் 78. பத்தில் ஒன்று 7.8 போக 70.2; 32 கூட்ட 102.2. மனக்கணக்கில் வல்ல நம் பாட்டிமார்களுக்கு இது ஒரு நொடி வேலை.

இவ்வாண்டு நம் வாசகசாலைச் சுவரில் இளைஞர் அணியினர் பெரிய எழுத்தில் ஓர் அட்டவணை எழுதி மாட்டியுள்ளனர். 37 என்றால் 98.6; 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2, 40 என்றால் 104. முப்பத்தெட்டுக்கு மேல் உள்ள வரிகளைச் சிவப்பில் தீட்டியிருக்கின்றனர். திறப்பு நாளன்று அந்த அம்மாயியும் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இத இன்னொன்னு எழுதிக் குடுங்க சாமி, எங்க ஊட்டுக் கதவுல ஒட்டோணும்" என்றார். இப்போது நம் குடியிருப்பில் பதினோரு கதவுகளில் அது ஒட்டப்பட்டிருக்கிறது. வேண்டுவோர் வாசகசாலையில் பெற்றுக்கொள்ளலாம்.